எல்லைக் கோடும் ஆட்சியின் கடமையும்

மக்கள், நிலப்பரப்பு, ஆட்சியமைப்பு, இறைமை ஆகிய நான்கும் ஓர் அரசின் உறுப்புகள் என்பர் அரசியல் நூலார். இவற்றை நிலத்தோடு பொருத்தி ஆராய்வதே அரசியல் புவியியல். 'இறைமை' என்பதைப் பிற அரசுக்குக் கட்டுப்படாத ஆட்சியதிகாரம் என்ற பொருளிலேயே இங்கு ஆளுகிறோம். படைத்தவனுக்கே உரிய ஹாகிமிய்யத் வேறு.

எல்லை என்பது முற்காலத்தில் கோடு அன்று. ஆட்சியின் வலிமை படிப்படியாகத் தேயும் ஒரு வெளி. அரசின் ஆற்றல் மையத்தில் மிகுந்தும் விளிம்பில் குறைந்தும் இருக்கும் என்பதை இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் விளக்கியுள்ளார். மயிலாடிக்கு அண்மையிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் திருவிதாங்கூரின் அத்தகைய விளிம்பு. அங்கிருந்த அரண்களை 1809ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலப் படை கைப்பற்றியது.

அளந்து குறித்த கோடாக எல்லை அமைவது இக்கால அரசின் இயல்பு. 1953இல் சையித் ஃபசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், மொழியை மட்டுமன்றி நாட்டின் ஒற்றுமை, நிதி, நிர்வாக வசதி ஆகியவற்றையும் கருதிற்று. தாய்த் தமிழகத்துடன் இணையக் கோரிய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாயின. மயிலாடியும் இவ்வாறே தமிழகம் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

அதிகாரம் முழுதும் நடுவண் அரசிடம் குவிந்திருப்பது ஒற்றையாட்சி. அரசியல் சாசனத்தின்படி நடுவணுக்கும் மாநிலங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுவது கூட்டாட்சி. இந்தியா கூட்டாட்சியின் இயல்புடையதேனும், சாசனத்தின் 3ஆம் பிரிவின்படி மாநில எல்லைகளை நாடாளுமன்றமே மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன் இசைவு கட்டாயமன்று. 2014இல் தெலங்கானா பிறந்ததும், 2019இல் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில் ஜம்மு-காஷ்மீர் இரு ஒன்றியப் பகுதிகளானதும் இப்பிரிவின் வழியேதான்.

நிலத்தைப் பிரிக்கும் கோடு நீரைப் பிரிப்பதில்லை. நெய்யாறு அணை கேரளத்தில் உள்ளது. அதன் இடதுகரைக் கால்வாயை நம்பிய வயல்களுள் ஒரு பகுதி விளவங்கோட்டில் உள்ளது. 2004 முதல் அந்நீர் தடைப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கோட்டை வரைவது ஆட்சியின் உரிமையாயின், அதன் இருபுறத்தாருக்கும் நீதி வழங்குவது அதன் கடமை. ஆட்சி ஓர் அமானிதம் என்று கற்ற நாம், எந்த எல்லையையும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடுதல் வேண்டும்.