கடல் கடந்து வந்த கைப்பேசி

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கைப்பேசி, ஊர்காவற்றுறையில் படகேறி அனலைதீவு வந்து சேர்கிறது. அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம் அமைத்த ‘ஃபேர்ம்வெயர்’ என்னும் உள்ளுறை மென்பொருளும் அதனுடன் வருகிறது. அதனை வைத்திருப்பதா, பொதுப்பதிப்பாக மாற்றுவதா?

பூட்டு வேறு, மென்பொருள் வேறு. பதிப்பை மாற்றுவதால் நிறுவனம் இட்ட பூட்டுத் திறவாது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் கைப்பேசிகளைப் பூட்டின்றியே விற்க வேண்டும் என்பது விதி.

இந்நாட்டுச் சிம்மில் 4ஜி வழிக் குரலழைப்பு அமையாவிடில் மாற்றம் பற்றி எண்ணலாம். அப்போதும் மாதிரி எண் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். படங்களை முன்னரே பிரதி எடுத்தல் வேண்டும். இடையே மின்சாரம் தடைப்பட்டால் கருவி இயங்காது போகலாம்.

அழைப்பும் இணையமும் சீராயிருப்பின், இலச்சினையை நீக்குவதற்காக மட்டும் மாற்றாதீர்கள். பேரனின் முகங்காட்டும் கருவி அன்றோ அது! பழுதுபட்டால் மீண்டும் படகேற வேண்டியவள் பாட்டியே.