அடையாறு புற்றுநோய் மருத்துவமனை: 12 படுக்கைகளில் தொடங்கிய ஒரு நீண்ட உழைப்பு

"அடையாறுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு வீட்டில் யாராவது சொன்னால், அதற்கு மேல் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. சென்னையில் உள்ள ஒரு பகுதியின் பெயர், ஒரு நோயின் பெயருக்குப் பதிலாகவே நம் மக்களிடம் வழங்கி வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு மனம் கலங்கிவிடுகிறது. "அங்கே போனால் அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் முணுமுணுப்பதையும் கேட்டிருப்போம். புற்றுநோய் என்றாலே மரணம் என்ற இந்த எண்ணத்தை எதிர்த்துத்தான் அந்த மருத்துவமனையே தொடங்கப்பட்டது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நம் அச்சத்தில் பாதி குறையும் என்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தங்கையை இழந்த ஒரு மருத்துவர்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் படிப்பை முடித்தார். 1927இல் சென்னை மாகாண சட்டசபையில் உறுப்பினரானார். தேவதாசி முறை ஒழிப்பு, குழந்தைத் திருமணத் தடை, ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் என்று அவர் செய்த பணிகள் பல.

அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதில் இறந்துபோனார். தானே ஒரு மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை என்ற வேதனை அவரை விட்டு நீங்கவில்லை. புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் பேசினார், எழுதினார், அதிகாரத்தில் இருந்தவர்களின் கதவுகளைத் தட்டினார். எப்படியும் இறந்துவிடப் போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்பதுதான் அன்று பலருடைய எண்ணம். அரசு முன்வரவில்லை என்றதும் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்ட ஆரம்பித்தார். சிறுகச் சிறுகச் சேர்ந்த நன்கொடைகளே இந்த நிறுவனத்தின் முதல் முதலீடு.

1952இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் அடையாறில் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அப்போது இருந்தவை ஒரு சிறிய கட்டடமும் 12 படுக்கைகளும்தான்.

இரண்டு மருத்துவர்கள்

முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பி, மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1955இல் அவருடன் இளம் மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் டாக்டர் வி. சாந்தா.

மகப்பேறு மருத்துவம் படித்த சாந்தாவுக்கு அரசு மருத்துவமனையில் நல்ல பதவி காத்திருந்தது. அதை விட்டுவிட்டு இந்தச் சிறிய மருத்துவமனைக்கு வந்ததைச் சுற்றியிருந்தவர்கள் புரிந்துகொள்ளவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் ஊதியம் இல்லாமலே பணிபுரிந்தார். பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தரப்பட்டன. அந்த வளாகமே அவருடைய வீடாயிற்று. 2005இல் மகசேசே விருதும் பிற்பாடு பத்ம விபூஷணும் அவருக்குக் கிடைத்தன. 2021 ஜனவரியில் தனது 93ஆம் வயதில் இறக்கும் வரை, நோயாளிகளைப் பற்றிய சிந்தனையிலேயே இருந்தார் என்பதை அவரை அறிந்தவர்கள் அனைவரும் சொல்வார்கள்.

'கரண்ட் வைப்பது' என்றால் என்ன?

1950களின் பின்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி இந்த மருத்துவமனைக்கு வந்தது. இந்தியாவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்துவதில் அடையாறுதான் முன்னோடி. நம் ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையைத் தருவதற்கான கருவி இது. உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை.

கோபால்ட்டிலிருந்து வெளிப்படும் காமா கதிர்கள் தோலைத் தாண்டி ஆழமாக உள்ளே செல்லும். அவை புற்றணுக்களின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை மேலும் பெருக முடியாமல் செய்யும். அருகிலுள்ள நல்ல அணுக்களும் ஓரளவு பாதிக்கப்படும். ஆனால் நல்ல அணுக்களுக்குத் தம்மைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதிகம். அதனால்தான் மொத்தக் கதிர்வீச்சையும் ஒரே நாளில் தராமல், வாரத்திற்கு ஐந்து நாள் என்று சில வாரங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். "தினமும் ஐந்து நிமிடத்திற்காக இவ்வளவு தூரம் அலைய வேண்டுமா?" என்று சலித்துக்கொண்டு இடையில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இடையில் நிறுத்தினால் தப்பிப் பிழைத்த புற்றணுக்கள் மீண்டும் வளர்கின்றன என்பதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இன்று கோபால்ட்டைவிட நுட்பமான கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை இதுதான்.

ஆராய்ச்சி தந்த பலன்

நம் மக்களுக்கு எந்தப் புற்றுநோய் அதிகம் வருகிறது, ஏன் வருகிறது, எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று தேடுவதையும் இம்மருத்துவமனை தொடக்கம் முதலே தன் வேலையாக வைத்துக்கொண்டது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தால் இங்கு வாய்ப் புற்றுநோய் மிகுதி. முற்றிய நிலையில் வந்த வாய்ப் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துத் தரும் முறையை கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் ஆரம்ப காலத்திலேயே ஆராய்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துத் தருவது இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ள முறை.

1960இல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் ஏறக்குறைய நிச்சயமான மரணமாகவே இருந்தது. பத்துக் குழந்தைகளில் இருவர் பிழைப்பதே அரிது. 1980களில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மருத்துவமனைகள் ஒரு புதிய சிகிச்சை முறையைக் கொண்டுவந்தன. இந்தியச் சூழலுக்கும் செலவுக்கும் ஏற்ப அது வகுக்கப்பட்டிருந்தது. அதன்பின் இந்த நோயின் முக்கியமான வகையில் பாதிக் குழந்தைகளும் அதற்கு மேலும் பிழைக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பிழைத்த குழந்தைகள் பலர் இன்று தாமே பெற்றோராக இருக்கிறார்கள்.

1975இல் மத்திய அரசு இதை மண்டலப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு இங்கே ஆரம்பமானது. நகரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது, என்ன ஆனது என்று ஆண்டுதோறும் எழுதி வைக்கும் வேலை அது. ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது, பின்னர் அது குறைந்து மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது என்பது இந்தப் பதிவேட்டால்தான் நமக்குத் தெரியும். 1984இல் இங்கே தொடங்கப்பட்ட கல்லூரி, புற்றுநோய் மருத்துவத்தில் உயர்நிலைப் பட்டங்களை இந்தியாவில் முதன்முதலாக வழங்கியது. அங்கே படித்தவர்கள் இன்று பல ஊர்களில் பணிபுரிகிறார்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு?

இது அரசு மருத்துவமனை அல்ல. இலாபத்திற்காக நடத்தப்படும் தனியார் மருத்துவமனையும் அல்ல. ஓர் அறக்கட்டளையாக நடக்கிறது. வசதி உள்ளவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். வசதியற்றவர்களுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை தரப்படுகிறது. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த இரண்டாவது வகையினரே. பணம் இல்லை என்ற காரணத்தால் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது தொடக்க காலத்திலிருந்து இருந்துவரும் கொள்கை.

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மனநல ஆலோசனை வழங்கவும், புகையிலையை விட நினைப்பவர்களுக்கு உதவவும் தனிப் பிரிவுகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் பல அடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம்.

ஆனால் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, இழந்துபோன கூலி என்று ஒரு குடும்பம் கடனில் மூழ்குவது இங்கேதான். ஜமாஅத்துகளும் ஜகாத் கொடுப்பவர்களும் இந்த இடத்தைக் கவனித்தால் பெரிய உதவியாக இருக்கும். அறுவை சிகிச்சைக்கு வசூல் செய்து கொடுக்கிறோம். ஆறு வாரம் அறை எடுத்துத் தங்குவதற்கு உதவ யாருக்கும் தோன்றுவதில்லை.

நாம் ஏன் தாமதமாகப் போகிறோம்?

இத்தனை வசதி இருந்தும் நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். நம் சமுதாயத்தில் இதற்கு நமக்கே உரிய சில காரணங்கள் இருக்கின்றன.

துஆச் செய்யும்படி கேட்டு வருபவர்கள்கூட நோயின் பெயரைச் சொல்வதில்லை. "அந்த நோய்" என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். வெளியே தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். மார்பில் கட்டி தெரிந்த ஒரு பெண், வெட்கத்தால் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும், "சபுரில் இருக்கிற உன் மாப்பிள்ளை லீவில் வரட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சதைப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்களும் உண்டு. முறையாகச் செய்யப்படும் பயாப்ஸியால் நோய் பரவிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. அது இல்லாமல் எந்த வகைப் புற்றுநோய், எந்த மருந்து என்று மருத்துவரால் சொல்லவும் முடியாது.

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானது அல்ல. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளும்படி தம் தோழர்களை ஏவியிருக்கிறார்கள். பெண் மருத்துவரிடம் காட்ட விரும்புகிறோம் என்று கேட்பதில் தவறில்லை. பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவுமில்லை. நோயை மறைத்து நாட்களைக் கடத்துவதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்:

• வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• குரல் கரகரப்பு, உணவு விழுங்குவதில் சிரமம்
• காரணம் தெரியாத உடல் மெலிவு, விடாத இருமல்
• மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம்

இவற்றுக்கு மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்:

• மார்பிலோ அக்குளிலோ கட்டி (வலி இல்லாவிட்டாலும்)
• மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, தாம்பத்தியத்திற்குப் பின் இரத்தக் கசிவு
• மலத்திலோ சளியிலோ இரத்தம்

இவை இருந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலும் வேறு காரணங்களாகவே இருக்கும். இல்லை என்று உறுதி செய்துகொள்வதும் ஒரு நிம்மதிதான். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கத் தடுப்பூசியே இருக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதைப் போடும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு அன்று கிடைக்காத சிகிச்சை இன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. உங்கள் உம்மாவோ மனைவியோ சகோதரியோ "இங்கே ஏதோ தட்டுப்படுகிறது" என்று சொன்னால், அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சொல்லத் தயங்குவார்கள் என்று தோன்றினால் நீங்களே கேளுங்கள். நோயுற்றிருக்கும் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக.