ட்ரையத்லான் ஆசை இருக்கா? முதல்ல டியூ டேட் காலண்டரைத் திறங்க

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. கோவாவுல அயர்ன்மேன் 70.3 போட்டி. கடல்ல 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாத்தையும் எட்டரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யாவும், நம்ம பக்கத்து ஊர் கரூர்க்காரரான முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி அண்ணாமலையும் அன்னைக்கு முடிச்சாங்க. அரசியலை ஓரமா வைங்க. அவங்களாலேயே முடியுதுன்னா நம்மளால முடியாதா என்ற கேள்வி அதுக்கப்புறம் நிறைய பேருக்கு வந்துடுச்சு.

எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கிறது அடுத்த நாள்தான். நவம்பர் 10, வரி தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். முதல்ல செப்டம்பர் 30-ஆ இருந்தது, அக்டோபர் 31 ஆச்சு, கடைசி நேரத்துல நவம்பர் 10 ஆச்சு. டியூ டேட் தள்ளிப்போனா சிஏவுக்கு நிம்மதின்னு வெளியில நினைக்கிறாங்க. உண்மையில டியூ டேட்டோட கிளையன்ட் கொண்டுவர்ற பில்லும் தள்ளிப்போகும், அவ்வளவுதான்! செப்டம்பரோட வேலை முடியும், அக்டோபர் முழுக்க நல்லா பயிற்சி பண்ணலாம்னு கோவாவுக்குப் பணம் கட்டின ஒரு ஆடிட்டரை நினைச்சுப் பாருங்க. அவரோட அக்டோபர் அவர் கையில இல்லாமலே போயிருக்கும்.

அதனால முதல் செலவு சைக்கிள் இல்லை, மணி நேரம்.

கணக்கு போடுவோம். வாரத்துக்கு நீச்சல் 2 மணி நேரம், சைக்கிள் 4, ஓட்டம் இரண்டரை. மொத்தம் எட்டரை. வேலைக்குப் போறவங்க இந்தத் தூரத்தை ஒழுங்கா முடிக்க இது ரொம்ப அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. ஆனா ஸ்ரீரங்கத்துல இருந்து பாலம் தாண்டி திருச்சி அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்குப் போய் வர நேரம், டிரஸ் மாத்துற நேரம், பஞ்சர் ஒட்டுற நேரம் எல்லாம் சேர்த்தா 11 மணி நேரம் தாராளமா ஆகும். 20 வாரத்துக்கு 220 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாள் கணக்குல 27 நாளுக்கு மேல. ஒரு மாசச் சம்பளத்துக்கு நீங்க உழைக்கிற நேரத்தைவிட இது அதிகம்.

இந்த 220 எங்கிருந்து வருது? ஆபீஸ்ல இருந்து வராது. தூக்கத்துல இருந்து எடுத்தா உடம்பு வட்டியோட திருப்பிக் கேட்கும். மிச்சம் இருக்கிறது வீடுதான். ஞாயித்துக்கிழமை காலையில நீங்க கல்லணை ரோட்டுல இருக்கும்போது குழந்தையை யாரு பார்த்துக்கிறாங்க, அப்பாவை யாரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க? அவங்கதான் உங்க போட்டிக்கு முதல் இன்வெஸ்டர். அவங்ககிட்ட கேட்காம அவங்க நேரத்தை முதலீடா போடாதீங்க. என் வீட்டுல நான் போட்ட ஒப்பந்தம்: ஞாயிறு காலை 9 மணிக்கு மேல சைக்கிள் கிடையாது. அதனால நான் சின்னத் தூரத்தோட நின்னுக்கிட்டேன்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரின்ட்னு சொல்வாங்க. வாரம் அஞ்சு மணி நேரத்துல சமாளிக்கலாம். முதல் போட்டிக்கே 70.3 போறது, சேமிப்புக் கணக்கே இல்லாதவர் ஆப்ஷன்ஸ்ல இறங்குற மாதிரி.

பயிற்சிக்கு நம்ம ஊர் நல்ல ஊர்தான். விடியற்காலையில சித்திரை வீதியில ஓடலாம் (வைகுண்ட ஏகாதசி சமயத்துல மறந்துடுங்க). திருவானைக்காவல்ல இருந்து கல்லணை போய் வந்தா சுமார் 30 கிலோமீட்டர் சைக்கிள். ஆனா நீச்சலுக்குக் காவிரியில தனியா இறங்காதீங்க. மேல அமைதியா தெரியும், அடியில மணல் எடுத்த பள்ளம், சுழல் எல்லாம் இருக்கு. தண்ணி திறப்பும் உங்க டைம்டேபிள் பார்த்து நடக்காது. கடல் பழகணும்னா போட்டிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே கோவா போய், கூட ஆள் இருக்கும்போது இறங்குங்க. அதுக்கான ரூம் வாடகை, லீவ், சைக்கிள் கொண்டுபோற செலவு எல்லாம் பட்ஜெட்ல வரணும். முக்கால்வாசிப் பேர் நுழைவுக் கட்டணத்தை மட்டும்தான் எழுதுறாங்க.

போட்டித் தேதியை எப்படித் தேர்வு செய்யறது? உங்க தொழிலோட நெருக்கடி மாசத்தைக் குறிச்சுட்டு, போட்டியில இருந்து பின்னாடி எண்ணுங்க. கடைசி எட்டு வாரம் அந்த மாசத்துல விழக்கூடாது. பேங்க்ல இருக்கீங்களா, மார்ச் 31. ஜிஎஸ்டி பார்க்கிறீங்களா, மாசாமாசம் 11, 20. தணிக்கைன்னா ஆகஸ்ட்ல இருந்து அரசாங்கம் சொல்ற வரைக்கும்.

இப்ப பணம். நுழைவு, பயணம், சைக்கிள், பயிற்சி எல்லாம் சேர்த்து 1,20,000 ஆகும்னு வெச்சுக்கோங்க. ஒரு வருஷம் முன்னாடியே மாசம் 10,000 ஆர்.டி. போட்டா முடிஞ்சது. கிரெடிட் கார்டு ஈஎம்ஐ வேண்டாம். அதுல வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற உண்டு, "நோ காஸ்ட்"னு எழுதியிருந்தாலும் பில்லைப் பாருங்க. ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12%-ல இருந்து 5% ஆயிடுச்சு. 60,000 ரூபாய் அடிப்படை விலைக்கு 4,200 ரூபாய் மிச்சம்.

"சார், சைக்கிளை பிசினஸ் செலவுல போடலாமா?" இதைக் கேட்காத கிளையன்ட் இல்லை. போட முடியாது. 1961 சட்டத்தோட பிரிவு 37(1)-லயே சொந்தச் செலவுக்கு இடம் இல்லை. ஜெர்சியில கம்பெனி லோகோ போட்டாலும் அது உங்க பொழுதுபோக்குதான்.

கடைசியா இன்ஷூரன்ஸ். ஹெல்த் பாலிசிகள்ல சாகச விளையாட்டு விலக்கு ஒண்ணு இருக்கும். மலையேற்றம், ஸ்கூபா டைவிங், மோட்டார் ரேஸ் மாதிரியான விளையாட்டுல தொழில்முறை வீரரா கலந்துக்கிட்டு அடிபட்டா பணம் கிடையாதுன்னு அதுல சொல்லியிருப்பாங்க. ஆபீஸ் போய்க்கிட்டே போட்டிக்குப் போறவர் தொழில்முறை வீரர் இல்லை. ஆனா தனிநபர் விபத்து பாலிசியோட வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலதுல போட்டி, பந்தயம்னாலே விலக்கு இருக்கலாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. ஏஜென்ட் போன்ல "அதெல்லாம் வரும் சார்"னு சொல்றது செல்லாது. வந்த பதிலை பிரின்ட் எடுத்து பாலிசியோட வைங்க, அந்த ஃபைல் எந்த அலமாரியில இருக்குன்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்புங்க.