91-ஆம் நம்பர் யாரு?

வா கண்ணு, உட்கார். உனக்கு ஒரு புதிர்.

கணினியில் ஒரு அரட்டை அறை. பலர் ஒரே நேரத்தில் எழுதி எழுதிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தனக்கு ‘டைகர்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார், எல்லாமே சின்ன எழுத்தில். சற்று நேரத்தில் இன்னொருவர் உள்ளே வருகிறார். அவர் பெயரும் டைகர்தான். ஆனால் முதல் எழுத்து மட்டும் பெரிய டீ. இந்தப் பெயரை அவருக்குக் கொடுக்கலாமா?

“கூடாது மாமா, ரெண்டும் ஒரே பெயர்” என்கிறாயா? சபாஷ்! கொடுத்துவிட்டால் இரண்டாமவர் முதல் ஆளைப் போல நடித்து மற்றவர்களை ஏமாற்றலாம்.

உனக்குப் பளிச்சென்று தெரிந்தது. கணினிக்கு அது தெரியவே தெரியாது. ஏன்?

உன் வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது சில நாள் பெயரைச் சொல்லாமல் நம்பரை மட்டும் கூப்பிடுவார், இல்லையா? கணினி எப்போதுமே அப்படித்தான். எழுத்தின் முகத்தை அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர்தான் அதற்கு எல்லாம்.

1963-இல் அமெரிக்காவில் இதற்கு ஒரு பட்டியல் போட்டார்கள். பெயர் ஆஸ்கி. சின்ன எழுத்துகளுக்கு 1967-இல் இடம் கிடைத்தது. 0 முதல் 127 வரை, மொத்தம் 128 நம்பர்கள். பெரிய ஏ-க்கு 65, சின்ன ஏ-க்கு 97. பெரிய டீ-க்கு 84, சின்ன டீ-க்கு 116.

பென்சில் இருக்கிறதா? 97-இல் 65 போனால் எவ்வளவு? 116-இல் 84 போனால்?

இரண்டுக்கும் 32! எந்த ஆங்கில எழுத்தை எடுத்தாலும் இதே விடைதான் வரும்.

தற்செயல் என்று நினைக்காதே. ஆஸ்கி நம்பரைக் கணினி 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற ஏழு மதிப்புகளில் தேவையானவற்றை மட்டும் கூட்டி உருவாக்குகிறது. 65 என்றால் 64-உம் 1-உம். 97 என்றால் 64, 32, 1. அதாவது 32-ஐச் சேர்த்தால் சின்ன எழுத்து, எடுத்தால் பெரிய எழுத்து. மாற்றுவது சுலபமாக இருக்கட்டும் என்று யோசித்தே அடுக்கியிருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு பெயர்களையும் ஒப்பிட வேண்டுமா? இரண்டுக்கும் ஒரு நகல் எடு. நகலில் உள்ள பெரிய எழுத்துகளை எல்லாம் சின்ன எழுத்தாக்கு. பிறகு நம்பருக்கு நம்பர் சரிபார். நகல் ஏன் என்றால், டைகர் தன் பெயரை எப்படி எழுதினாரோ அப்படியேதான் திரையில் தெரிய வேண்டும். அதைத் திருத்த நமக்கு என்ன உரிமை? நகல் ஒப்பிடுவதற்கு மட்டும்.

இதுவரை புரிந்ததா? இனிமேல்தான் வேடிக்கை.

பின்லாந்துக்குப் போவோம். அங்கே ஓவுலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்பவர் 1988 ஆகஸ்டில் ஒரு அரட்டை மென்பொருள் எழுதினார். இன்டர்நெட் ரிலே சாட் என்று பெயர், சுருக்கமாக ஐ.ஆர்.சி. வாட்ஸ்அப் வருவதற்கு 21 வருடம் முன்பு!

பின்லாந்துக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர்கள் எழுத, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏ வேண்டும், இரண்டு புள்ளி வைத்த ஓ வேண்டும். பக்கத்து ஸ்வீடன்காரர்களின் மொழிக்குத் தலையில் குட்டி வட்டம் வைத்த ஏ-யும் வேண்டும். ஆனால் 128 இடமும் நிரம்பிவிட்டது. என்ன செய்வது?

அதிகம் தேவைப்படாதவர்களை எழுப்பிவிட்டார்கள்! அமெரிக்க வகுப்பில் 91, 92, 93-இல் இருந்தவை திறக்கும் சதுர அடைப்பு, இடப்பக்கம் சாய்ந்த கோடு, மூடும் சதுர அடைப்பு. 123, 124, 125-இல் திறக்கும் நெளி அடைப்பு, செங்குத்துக் கோடு, மூடும் நெளி அடைப்பு. இந்த ஆறும் வெளியே, புள்ளியும் வட்டமும் வைத்த எழுத்துகள் உள்ளே. (நிரல் எழுதுவோருக்கு அடைப்புக்குறி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அந்த ஊர்த் திரைகளில் அடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் புள்ளி வைத்த எழுத்துகள் முழித்துக்கொண்டு நின்றன. பாவம்!)

சரி, பின்லாந்து வகுப்பில் 91-ஆம் நம்பர், இரண்டு புள்ளி வைத்த பெரிய ஏ. அதன் சின்ன எழுத்து எந்த நம்பர்? நீயே சொல்.

91-உம் 32-உம் 123. திறக்கும் நெளி அடைப்பு இருந்த அதே இடம்தான்! 92-க்கு 124, 93-க்கு 125. அங்கேயும் 32 கணக்குத் தப்பவில்லை.

ஐ.ஆர்.சி.யின் விதிகளை 1993 மே மாதம் ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். அதன் எண் 1459. அதில் இந்த வழக்கத்தையும் எழுதி வைத்தார்கள்: நெளி அடைப்பு என்பது சதுர அடைப்பின் சின்ன எழுத்து, செங்குத்துக் கோடு என்பது சாய்ந்த கோட்டின் சின்ன எழுத்து. காரணமும் அங்கேயே இருக்கிறது, ஐ.ஆர்.சி. பிறந்தது ஸ்காண்டிநேவியப் பக்கம் என்று.

அமெரிக்கப் பட்டியலை மட்டும் அறிந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? அடைப்புக்குறிக்கு ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து!

இதில் ஒரு வம்பும் உண்டு. ஒருவர் ‘டைகர்’ என்று எழுதிக் கடைசியில் ஒரு சதுர அடைப்பு போட்டுக்கொள்கிறார். அதையே நெளி அடைப்போடு எழுதினாலும் அறையை நடத்தும் கணினியான சர்வர் “அதே ஆள்” என்கிறது. உன் கணினியில் உள்ள மென்பொருளோ ஆங்கில எழுத்துகளின் விதியை மட்டும் படித்தது. அது “வேறு ஆள்” என்று நினைத்து, ஒரே நண்பருக்கு இரண்டு சன்னல் திறந்துவிடும். இங்கே கேட்ட கேள்விக்கு அங்கே பதில் வரும்.

இதற்கும் வழி கண்டார்கள். நீ அறைக்குள் வருவதற்கு முன்பே, “நான் எழுத்துகளை இந்த விதிப்படி ஒப்பிடுகிறேன்” என்று சர்வர் ஒரு வரி அனுப்பிவிடும். மென்பொருள் அதைப் படித்து அதன்படி நடந்தால் போதும்.

அந்தப் பழைய பின்லாந்துப் பட்டியலை இன்று யார் பயன்படுத்துகிறார்கள்? ஆனாலும் பல சர்வர்களில் விதி அப்படியே இருக்கிறது. திடீரென்று எடுத்தால், இத்தனை நாள் ஒருவருக்கே சொந்தமாக இருந்த பெயரைக் குறியை மாற்றிப் போட்டு இன்னொருவர் எடுத்துக்கொள்வார். இருக்கட்டும் என்று விட்டதுதான் சரி என்பேன்.

இப்போது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் சேர்த்து யூனிகோடு என்ற பெரிய பட்டியல் வந்துவிட்டது. இடத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் தொல்லை தீர்ந்ததா? எங்கே!

துருக்கி மொழியில் இரண்டு ஐ உண்டு. புள்ளி வைத்த ஐ, புள்ளி இல்லாத ஐ. புள்ளி வைத்த சின்ன ஐ-யின் பெரிய எழுத்துக்கும் தலையில் புள்ளி இருக்கும். நாம் ஆங்கிலத்தில் எழுதும் பெரிய ஐ-யைத் துருக்கி விதிப்படி சின்னதாக்கினால் புள்ளியில்லாத ஐ வந்து நிற்கும். அறையில் சேர ஐ.ஆர்.சி.யில் ‘ஜாயின்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அதன் நடுவே ஓர் ஐ வரும். துருக்கி விதியைப் பிடித்துக்கொண்ட நிரல் அந்தக் கட்டளையைச் சின்ன எழுத்தாக்கினால், புள்ளி காணாமல் போய், தன் கட்டளை தனக்கே அடையாளம் தெரியாது! இந்த ஐ-யிடம் மாட்டிக்கொண்ட நிரல்கள் ஏராளம். அதனால்தான் யூனிகோடு வெளியிடும் ஒப்பீட்டுப் பட்டியலில் துருக்கி வகை மொழிகளுக்கென்று தனி அடையாளம் போட்ட வரிகள் இருக்கின்றன.

ஜெர்மன்காரர்களிடம் எஸ் ஓசை தரும் ஒரு தனி எழுத்து இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் வழக்கமாக இரண்டு எஸ் ஆகிவிடும். கிரேக்கர்களின் சிக்மாவுக்குச் சின்ன எழுத்தே இரண்டு. சொல்லின் கடைசியில் வந்தால் வேறு உருவம். 32 கணக்கு இங்கெல்லாம் செல்லாது.

“நம்ம தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தே இல்லையே, தப்பித்தோம்!” என்று சிரிக்கிறாயா? பொறு, பொறு.

‘கொ’ என்று எழுத யூனிகோடில் இரண்டு வழி உண்டு. க போட்டு, 3018 என்ற ஒற்றை நம்பரில் இருக்கும் ஒகரக் குறியைப் போடலாம். அல்லது க போட்டு, கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நம்பரை மட்டும் பார்க்கும் கணினிக்கோ ஒன்றில் இரண்டு நம்பர், மற்றொன்றில் மூன்று நம்பர். ‘கொக்கு’ என்று ஒருவர் பெயர் வைத்திருக்க, இன்னொரு கொக்கு தாராளமாக உள்ளே பறந்து வரலாம்! அதனால் நல்ல மென்பொருள் முதலில் எல்லாக் கொம்பையும் காலையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்குப் பிறகே ஒப்பிடத் தொடங்கும்.

எங்கேயாவது ஒரு ‘கொ’ கிடைத்தால் அதன் பின்னால் கர்சரை வைத்து, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திப் பார். பெரும்பாலும், ‘க’ மட்டும் மிஞ்சினால் அது முதல் வகை. ‘கெ’ மிஞ்சினால் இரண்டாவது வகை.