கொடுத்த காருக்கு யார் சொந்தக்காரர்?

சின்ன காரைக் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வியாபாரியிடம், கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டுப் பழைய எர்டிகாவோ இன்னோவாவோ எடுப்பது பற்றித் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதி வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் 14 நாள் கெடு ஒன்றைச் சுற்றியே குழப்பம் அதிகம். அது விற்பவருக்கா, வாங்குபவருக்கா, இன்சூரன்ஸுக்கா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வண்டி கைமாறுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தில் 14 நாள் இரண்டு இடங்களில் வருகிறது. பிரிவு 50-இன்படி, விற்றவர் 14 நாளுக்குள் கைமாற்றத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். பிரிவு 157-இன்படி, இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி வாங்கியவர் 14 நாளுக்குள் கேட்க வேண்டும். எடுக்கப்போகும் வண்டியின் இன்ஜின், டயர், கிலோமீட்டர் பற்றி நுணுக்கமாகக் கேட்கும் அதே கடிதங்களில், கொடுக்கப்போகும் காரின் காகிதம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பரிமாற்றத்தில் உண்மையான ஆபத்து அந்தப் பழைய காரில்தான் இருக்கிறது.

கன்சல்டிங்காரர் உங்கள் காரை எடுத்ததும் தன் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றினால் கட்டணமும் அலைச்சலும் உண்டு. அதைவிட, ‘ஃபர்ஸ்ட் ஓனர்’ வண்டி ‘செகண்ட் ஓனர்’ வண்டியாகிவிடும்; அடுத்து வாங்குபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். ஆகவே படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் வெற்றிடமாக வைத்துவிடுகிறார். கார் இரண்டு மாதம் ஷெட்டில் நிற்கலாம்; நான்கு பேர் ஓட்டிப் பார்க்கலாம்; இன்னொரு புரோக்கர் கைக்குப் போகலாம். அவ்வளவு நாளும் அரசுப் பதிவில் உரிமையாளர் நீங்கள். சட்டத்தின் பிரிவு 2(30) யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை உறுதிசெய்தது. 2007-இல் விற்கப்பட்டு அடுத்தடுத்துச் சிலர் கைமாறிய கார் 2009-இல் விபத்தை ஏற்படுத்தியது. பதிவு அப்போதும் முதலில் விற்றவர் பெயரிலேயே இருந்தது. நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவர் மீதே விழுந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலையக் கூடாது என்ற தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுப்பவர், பணத்தை வாங்கிக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நம்பிய மனிதர்.

இதற்கு மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கண்ட வழி உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. 2022 டிசம்பரில் வெளியாகி, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது, விற்பவரும் அவரும் சேர்ந்து படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணத்திலிருந்து வியாபாரி ‘கருதப்படும் உரிமையாளர்’ ஆகிறார். ஆர்.சி.யில் அவர் பெயர் ஏறாது. ஓனர் எண்ணிக்கையும் கூடாது. பொறுப்பு மட்டும் அவருக்கு மாறும். ஆர்.சி.யைப் புதுப்பிப்பதற்கும் பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். வண்டி வெளியே போய்வருவதை மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டியதும் அவர் கடமை. வெற்றுப் படிவத்துக்கான காரணத்தையே இந்த ஏற்பாடு இல்லாமல் செய்கிறது.

பழைய வண்டிச் சந்தையில் இது வெளிப்படைத்தன்மையைக் கொண்டுவரும் என்று அரசு சொல்கிறது. இந்தப் பேச்சை நான் பாதிதான் ஏற்கிறேன். முதலாவது, வியாபாரி அங்கீகாரம் பெற்றவராக இருந்தால்தான் 29சி பிறக்கும். டீக்கடை வாசலில் நின்று விலை பேசும் புரோக்கரிடம் கொடுத்தால் பழைய ஆபத்து அப்படியே இருக்கிறது. இரண்டாவது, உரிமையாளர் யார் என்பதைச் சொல்வது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ‘கருதப்படும் உரிமையாளர்’ வருவதோ அதன் கீழ் அமைந்த விதியில். இரண்டும் மோதினால் சட்டம்தான் நிற்கும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட இடம் இருக்கிறது. அந்த ஓட்டையைச் சட்டத்திலேயே அடைத்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் 29சி வாங்குவது வீண் இல்லை. எந்தத் தேதியில் வண்டி யார் கைக்குப் போனது என்பதற்கு அரசுத் தளத்திலேயே பதிவான சான்று அது. முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும், கன்சல்டிங்கில் தரும் டெலிவரி நோட்டும் அதற்கு ஈடாகாது.

‘பத்து வருஷமாகத் தெரிந்தவர், அவரிடம் போய் படிவம் கேட்பதா’ என்று சிலர் தயங்குகிறார்கள். தெரிந்தவரின் நாணயத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அவரிடமிருந்து வாங்கும் மூன்றாம் ஆளை உங்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். ‘நேரடியாக ஒரு குடும்பத்துக்கு விற்றால் பணமும் கூடும், இந்தத் தொல்லையும் இல்லை’ என்பது இன்னொரு வாதம். அது சரியே, ஆனால் வாங்குபவர் பெயரை எழுதிப் படிவங்களை அன்றே பதிவுசெய்தால் மட்டும்.

விலை பற்றி ஒன்று. ‘என் காருக்கு ஏன் திடீரென்று இவ்வளவு குறைவாகக் கேட்கிறார்கள்’ என்பதற்கு 2025 செப்டம்பர் 22-இல் வந்த ஜி.எஸ்.டி. மாற்றம் பெரிய காரணம். புதிய சின்ன பெட்ரோல் கார் மீதான வரி, செஸ் சேர்த்து 29 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமான எர்டிகாவுக்கு 45 சதவீதம் 40 ஆனது. வரிக்கு முந்தைய விலை மாறவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், புதிய சின்ன கார் சுமார் எட்டரை சதவீதமும் எர்டிகா சுமார் மூன்றரை சதவீதமும் மலிவாகியிருக்கும். பழைய வண்டியின் விலை புதியதைத் தொட்டுத்தான் நிற்கும். ஆகவே நீங்கள் கொடுப்பதன் மதிப்பு, எடுப்பதன் மதிப்பைவிட வேகமாக இறங்கியது. வரிக்குறைப்பு எல்லாருக்கும் லாபம் என்ற விளம்பரத்தில் இந்தக் கணக்கு வரவில்லை.

மற்றக் கேள்விகள். பழைய காரை விற்றால் நான் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா? ஜி.எஸ்.டி. பதிவில்லாத தனிநபர் கட்ட வேண்டாம். அது வியாபாரியின் லாபத் தொகை மீதான வரி. நோ கிளெய்ம் போனஸ்? அது உங்களுடையது, காரோடு விட்டுவிடாதீர்கள். கடன் பாக்கி? வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இல்லாமல் பேச்சைத் தொடங்க வேண்டாம். தடாவுக்கு அப்பால் கிடைக்கும் ஆந்திரப் பதிவு வண்டி? அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி, புது எண் மூன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டி? ஆர்.சி. வரலாற்றைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஃபாஸ்டேக்? சாவியைக் கொடுப்பதற்கு முன் மூடிவிடுங்கள்.

விற்று முப்பது நாள் கழித்து, அரசின் பரிவாகன் தளத்தில் உங்கள் பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரே இன்னும் தெரிந்தால், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.