வீட்டைக் கட்டிப் பார், படத்தை எடுத்துப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் வாலைப் பிடித்து, "சினிமா எடுத்துப் பார்" என்று தம் அனுபவத் தொடருக்குத் தலைப்பிட்டார் காரைக்குடிக்காரர் ஒருவர். எழுபது படங்களை இயக்கிய எஸ்.பி. முத்துராமன்தான் அவர். எழுபது எடுத்தும் மலைப்பு தீரவில்லை போலும்!

பார்ப்பவர்களாகிய நமக்கு மலைப்பேது? கொட்டகையில் கை தட்டுகிறோம்; வெளியே வந்து டீக்கடையில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். "நம்ம ஆள் படம்" என்போம், அல்லது "கொள்கைக்குத் துரோகம்" என்போம். எடுத்தவன் நெஞ்சிலே என்ன இருந்தது என்று கேட்பதில்லை. தோழர்களே, இன்று அதைக் கேட்டுப் பார்ப்போம். கேட்பதற்குச் செட்டிநாட்டை விடப் பொருத்தமான சீமை வேறில்லை.

ஏனெனில், படத்தொழில் அங்கே கீற்றுக் கொட்டகையிலே குடியிருந்தது. உலகப் போரை ஒட்டிய நெருக்கடியில் சென்னையில் இடமும் மின்சாரமும் கிடைக்காமல், ஏவி. மெய்யப்பன் தம் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்தார். 1947 ஜனவரியில் வெளியான 'நாம் இருவர்' அங்கே உருவானது. இருபது வயதைத் தாண்டியிருந்த வி.கே. ராமசாமி, அந்தப் படத்தில்தான் கிழவர் வேடம் போட்டுத் திரைக்கு வந்தார். வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை அந்தக் கிழவர் வேடம்! 1948-இல் நிலையம் சென்னைக்குப் போய்விட்டது. ஆனால் படம் எடுக்கும் ஆசை காரைக்குடிப் பக்கத்தை விட்டுப் போகவில்லை.

அந்த ஆசை பிடித்தவர்களில் ஒருவர் சிறுகூடல்பட்டி கண்ணதாசன். மேடையிலே முழங்கியவர், பாட்டிலே சுவைத்தவர், தம் மண்ணின் மருது பாண்டியர் வரலாற்றைத் தாமே படமாக எடுக்கத் துணிந்தார். 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட வீரர்கள் அல்லவா? அவர்களைத் திரையில் நிறுத்த வேண்டும் என்பது வியாபாரக் கணக்கில் எழுந்த எண்ணமல்ல. கொள்கைத் துடிப்பில் எழுந்தது. கே. சங்கர் இயக்க, எஸ்.எஸ். ராஜேந்திரன் நடிக்க, 1959 மே மாதம் வெளிவந்தது 'சிவகங்கைச் சீமை'.

ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான் எதிரே வந்து நின்றது 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அது வண்ணப்படம், இது கறுப்பு வெள்ளை. அங்கே சிவாஜி கணேசனின் சிங்க முழக்கம்! அதை எடுத்தவர் யார் தெரியுமா? காரைக்குடிக் கொட்டகையில் 'நாம் இருவர்' படத்தில் நடித்த அதே பி.ஆர். பந்துலு. கூட்டம் கட்டபொம்மன் பக்கம் போயிற்று. மருதிருவர் இரண்டாம் முறையும் தோற்றனர். இம்முறை வெள்ளைக்காரனிடம் அல்ல, வசூலிடம்!

அத்துடன் விட்டாரா கவிஞர்? அடுத்த ஆண்டே 'கவலை இல்லாத மனிதன்' எடுத்தார். பெயர்தான் அப்படி. வரவேண்டிய நடிகருக்காக அவர் வீட்டு வாசலிலே காத்துக் கிடந்ததையும், நடிகர் பின்வாசல் வழியாகப் போய்விட்டதையும், கடன் மேல் கடன் ஏறியதையும் பின்னாளில் அவரே மறைக்காமல் எழுதி வைத்தார். பணம் போட்டவனுக்குப் படப்பிடிப்புத் தளம் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?

இனி முத்துராமனிடம் வருவோம். சுயமரியாதை இயக்க மேடைகளில் முழங்கிய காரைக்குடி இராம. சுப்பையாவின் மகன் அவர். ஏவி.எம். நிலையத்தில் படத்தொகுப்புப் பிரிவில் சேர்ந்து, 1960-இல் வந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் உதவியாளராக இருந்தபோது, சிறுவன் கமல்ஹாசனைத் தூக்கித் திரிந்தவர். கண்ணதாசன் செய்ததை இவர் செய்யவில்லை. கொள்கைப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பவில்லை. 'முரட்டுக்காளை', 'சகலகலா வல்லவன்' என்று, முதல் போட்டவர் கையைக் கடிக்காத படங்களாகக் கொடுத்தார்.

1985-இல் அதற்கும் ஒருபடி மேலே போனார். ரஜினிகாந்தின் நூறாவது படம் 'ஸ்ரீ ராகவேந்திரர்'. தயாரிப்பு பாலசந்தரின் கவிதாலயா. இயக்கியவர் கறுப்புச் சட்டைக் குடும்பத்துப் பிள்ளை! கேலி பேச இதைவிட வாய்ப்பு உண்டா?

கேலிக்கு முன் ஒன்று. நெசவாலைத் தோழன் தன் கட்சிக் கரைவேட்டியை மட்டுமா நெய்கிறான்? மாற்றுக் கட்சிக் கரையும் அவன் கையில்தானே உருவாகிறது! கூலிக்கு உழைப்பவனிடம் கொள்கைச் சீட்டுக் கேட்க முடியாது. அதற்காக, இயக்குநருக்கு இந்த வாதம் முழுதும் பொருந்தும் என்று நாம் சொல்லமாட்டோம். வேட்டி இடுப்போடு நிற்கும். படம் மூளைவரை போகும். மறுக்கும் உரிமை தறிக்காரனுக்கு இல்லாத அளவு இயக்குநருக்கு உண்டு. அவர் மறுக்கவில்லை. இந்தக் குறை நம் மனத்தில் இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் தந்தையிடம் கற்றதெல்லாம் எங்கே போயிற்று? கதையிலே தேடினால் கிடைக்காது. கதைக்கு வெளியே தேட வேண்டும். படத்துக்குப் படம் ஆளை மாற்றுவது அந்தத் தொழிலின் வழக்கம். முத்துராமனோ, ஒளிப்பதிவாளர் பாபு, படத்தொகுப்பாளர் விட்டல் என்று தம் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கலையாமல் வைத்திருந்தார். நல்லவனாக நடித்துப் பெயர் பெற்ற சிவகுமாரைக் கெட்டவனாக்கி, வில்லனாக இருந்த ரஜினியை நல்லவனாக்கி 1977-இல் 'புவனா ஒரு கேள்விக்குறி' எடுக்கும் துணிவும், 'ஆறிலிருந்து அறுபது வரை' கதைக்குத் தயங்கிய அதே ரஜினியை நடிக்க வைக்கும் பொறுமையும், பக்கத்தில் இருப்பவன் யார் என்று தெரிந்தவனுக்குத்தான் வரும். அந்த இரண்டு படத்துக்கும் எழுதிய பஞ்சு அருணாசலமும் சிறுகூடல்பட்டிக்காரரே.

1992-இல் 'பாண்டியன்' எடுத்தார்கள். முத்துராமனோடு நெடுங்காலம் உழைத்த 14 பேருக்கு ஆதாயம் சேரவேண்டும் என்பதற்காகவே எடுக்கப்பட்ட படம். ரஜினிகாந்த் அதற்கென்று நடித்துக் கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் முகம் மின்ன, இருட்டிலே நின்று உழைப்பவர்களும் முதலாளிப் பங்கு பெறலாம் என்று தமிழ்ப் படத்தொழிலில் எத்தனை பேர் எண்ணினார்கள்?

அந்தத் தீபாவளிக்கு எதிரே வந்த படம் 'தேவர் மகன்'. முத்துராமன் இடுப்பில் சுமந்த அந்தச் சிறுவனின் படம்! பேரும் புகழும் அதற்கே போயின. 'பாண்டியன்' சிறந்த படம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை அது எங்காவது ஓடினால், தோழர்களே, பெயர் போடும்போது எழுந்து போகாதீர்கள்.