'எனி' எங்கே நுழையும்?

ஆங்கிலத்தில் "ஐ டிடன்ட் சீ எனிபடி" என்றால் நான் ஒருவரையும் பார்க்கவில்லை. "ஐ டிடன்ட் சீ சம்படி" என்றால் பெரும்பாலும் பொருள் வேறு: யாரோ ஒருவர் இருந்தார், என் கண்ணில்தான் படவில்லை. ஒரு சொல் மாறியதும் ஆளில்லாத இடத்தில் ஓர் ஆள் முளைத்துவிடுகிறார்.

எதிர்மறைக்கு எனி, உடன்பாட்டுக்கு சம் என்ற பள்ளிக்கூட விதி பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும். ஆனால் "இஃப் எனிபடி கால்ஸ்" என்பதில் 'நாட்' எங்கே? "ஃப்யூ பீப்பிள் செட் எனிதிங்" என்பதில்?

1979-இல் மொழியியலாளர் வில்லியம் லடுசா தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு அழகான விடை ஒன்றைத் தந்தார். 'மாம்பழம் சாப்பிட்டாள்' என்றால் பழம் சாப்பிட்டாள் என்பது தானே உறுதியாகிறது. சிறிய வகையிலிருந்து பெரிய வகைக்குப் போகிறோம். 'பழம் சாப்பிடவில்லை' என்றால் திசை தலைகீழ். மாம்பழமும் சாப்பிடவில்லை என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகிறோம். இப்படி இறங்க முடிகிற இடத்தில்தான் எனி நுழையும் என்றார் அவர். 'பழம் சாப்பிட்டவர்கள் சிலரே' என்றால் மாம்பழம் சாப்பிட்டவர்களும் சிலருக்கு மேல் இருக்க முடியாது. அதனால்தான் ஃப்யூவுக்குப் பின் எனி வருகிறது.

எனக்கு வியப்பு தீராத இடம் 'எவ்ரிபடி'. "எவ்ரிபடி ஹூ நோஸ் எனிதிங்" என்று தொடங்கலாம். "எவ்ரிபடி நோஸ் எனிதிங்" என்று மட்டும் சொன்னால் ஆங்கிலேயர் முகம் சுளிப்பார். 'பழம் சாப்பிட்ட எல்லாரும் தூங்கினார்கள்' என்றால் மாம்பழம் சாப்பிட்டவர்களும் தூங்கியிருக்கிறார்கள். 'எல்லாரும் பழம் சாப்பிட்டார்கள்' என்பதிலிருந்து எல்லாரும் மாம்பழம் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது. ஒரே சொல்தான், அதன் ஒரு பக்கம் கதவு திறந்திருக்கிறது, மறுபக்கம் மூடியிருக்கிறது. தர்க்கம் படிக்காத ஆங்கிலக் குழந்தை இந்தக் கதவுகளை யாரும் சொல்லித்தராமலே அறிந்துகொள்கிறது!

கேள்வி வாக்கியங்களிலும் எனி வரும். அவை இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 'எனிபடி கேன் கம்' என்ற 'யார் வேண்டுமானாலும்' பொருளும் தனிக்கதை.

வரிசையும் முக்கியம். மறுப்பு வாக்கியங்களில் பொதுவாக மறுப்பு முன்னால் வந்தால்தான் எனி பின்னால் வர முடியும். தமிழில் 'யாரும்' முதலில், 'வரவில்லை' கடைசியில். அந்த வரிசையில் பழகிய நாக்கு "எனிபடி டிடன்ட் கம்" என்றுதான் தொடங்கும். ஆங்கிலத்தில் மறுப்பை எழுவாய்க்குள்ளேயே வைத்து "நோபடி கேம்" என்று சொல்ல வேண்டும்.